பழைய டர்போ காரில் ஐட்லிங் நடுக்கமும் இழுவைக் குறைவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மெக்கானிக் இல்லை. காங்கேயத்துக்குப் பக்கத்தில், கொப்பரைக் களத்தை ஒட்டிய சாளையில், 2005 மாடல் 1.8 லிட்டர் பெட்ரோல் டர்போ கார் ஒன்றைப் பதினோரு வருடமாகக் கட்டி மேய்க்கிறேன். கூடவே வீட்டு வேலைக்கு ஒரு டீசல் வண்டியும் உண்டு. அது தெரிந்த ஒறம்பரைகளும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவைதான் கீழே இருப்பவை. பெட்ரோலும் டீசலும் இந்த விஷயத்தில் வேறு வேறு பிறவிகள். முன்பாதி பெட்ரோலுக்கு, டீசல்காரர்கள் பின்பாதிக்குப் போய்விடலாம்.

ஏனுங்க, சிக்னல்ல நின்னா ஸ்டியரிங் வரைக்கும் நடுங்குது. பட்டறையில டர்போ போயிடுச்சுங்கறாங்க. அப்படித்தானுங்களா?

அநேகமாக இல்லை. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் 800 ஆர்.பி.எம். பக்கம் ஓடுகிறது. டர்போ என்பது எக்ஸாஸ்ட் காற்றால் சுற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் விசிறி. அதை வேலை வாங்கும் அளவுக்கு அப்போது எக்ஸாஸ்ட் காற்று வருவதே இல்லை. அது சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருக்கும், காற்றை அழுத்தாது. அந்த நேரத்தில் உங்கள் வண்டி டர்போ இல்லாத சாதாரண வண்டி மாதிரிதான் மூச்சு விடுகிறது. தூங்குகிறவன் மேல் திருட்டுப் பழி போடலாமா?

எனக்கே இது நடந்தது. கோவையில் ஒரு பட்டறையில் டர்போ மாற்ற அறுபத்தைந்தாயிரம் ஆகும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். பணத்துக்கு யோசித்து வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை டார்ச் அடித்துப் பார்த்தால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் போகும் பிரீதர் ஹோஸை, அதாவது எஞ்சினுக்குள் சேரும் ஆயில் ஆவியை வெளியே எடுக்கும் குழாயை, எலி கடித்து வைத்திருக்கிறது. கொப்பரைக்கு வந்த எலிக்கு ரப்பரும் ருசித்திருக்கிறது. ஹோஸும் இரண்டு கிளிப்பும் நானூறு ரூபாய். அந்த டர்போதான் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

டர்போ இல்லைன்னா, ஐட்லிங்கும் இழுவையும் சேர்ந்து ஏன் கெடுது?

கிணற்று மோட்டார் வைத்திருப்பவருக்கு இது உடனே புரியும். சக்‌ஷன் பைப்பில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் சிந்தாது, காற்றை இழுக்கும். டெலிவரி பைப்பில் ஓட்டை விழுந்தால் காற்றை இழுக்காது, தண்ணீரைப் பீய்ச்சும். பெட்ரோல் டர்போ எஞ்சினில் விசேஷம் என்னவென்றால், த்ராட்டிலுக்குப் (ஆக்சிலேட்டருக்கு ஏற்பக் காற்றை விடும் கதவு) பிறகு வரும் மேனிஃபோல்டு ஒரு நிமிடம் சக்‌ஷன் பைப், அடுத்த நிமிடம் டெலிவரி பைப்.

ஐட்லிங்கில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். உள்ளே அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். அப்போது ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. ஏர் ஃப்ளோ சென்சார் அளந்த காற்றுக்குத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடும், அதனால் கலவை மெலிந்து எஞ்சின் நடுங்கும். ஆக்சிலேட்டரை மிதித்து டர்போ விழித்ததும் கதை தலைகீழ். அளந்து உள்ளே விட்ட காற்று அதே ஓட்டை வழியாக வெளியே ஓடுகிறது. பெட்ரோல் அதிகமாகி, கரும்புகை விட்டு, இழுவை செத்துப்போகும். ஓட்டை ஒன்று, சீக்கு இரண்டு.

ஓட்டை எங்கே என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில், அதாவது அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் கிழிசல் என்றால் ஐட்லிங் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும், இழுவை மட்டும் போகும். ஏர் ஃப்ளோ சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவிலுள்ள ரப்பரில் வெடிப்பு என்றால் எல்லா நேரமும் கணக்கில் வராத காற்று போகும். கூடவே மண்ணும் போகும். ஆடிக்காற்றில் பல்லடம், உடுமலைப் பக்கம் ஓட்டுகிறவர்கள் இந்த வெடிப்பை ஒரு வாரம்கூட விட்டு வைக்கக் கூடாது. அந்தச் செம்மண் டர்போவின் அலுமினிய இறக்கையைத் தேய்த்துவிடும்.

எங்கெங்கே தேடிப் பார்க்கட்டும்?

பதினைந்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டியில் முதல் சந்தேகம் பிரீதர் ஹோஸ்கள் மேல்தான். ஆயில் ஆவியும் சூடும் பட்டுப் பட்டு ரப்பர் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். மேலே பார்த்தால் நன்றாக இருப்பதுபோல் தோன்றும், அடிப்பக்கம் விரலால் தடவினால் பிளவு சிக்கும். இதே வழியில் ஒரு ஒருவழி வால்வு உண்டு. அது கெட்டால் டர்போ அழுத்தம் நேராக எஞ்சினின் அடிவயிறான கிராங்க் கேஸுக்குள் புகுந்து, சீல்கள் வழியாக ஆயிலை வெளியே தள்ளும். "ஓட்டைதான் அடைச்சாச்சே, ஏன் இன்னும் ஆயில் கசியுது" என்று குழம்புகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். பெட்ரோல் எஞ்சினில் ஐட்லிங் சற்றுத் தடுமாறினால் நல்லது. ஒன்றுமே மாறவில்லை என்றால் ஏற்கெனவே எங்கோ ஓட்டை இருக்கலாம். மூடியை எடுக்கவே முடியாத அளவுக்கு உள்ளிழுத்து விசில் அடித்தால், ஆயில் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பி விடும் பி.சி.வி. வால்வின் சவ்வு கிழிந்திருக்கும். புகையாகக் குபுகுபு என்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்த விஷயம். அது வேறு செலவு.

அடுத்து டைவர்ட்டர் வால்வு. காலை எடுத்ததும் மிச்ச அழுத்தத்தைத் திருப்பி விடும் சின்னச் சட்டி அது. ரப்பர் சவ்வு உள்ள வகையைக் கழற்றி, பிஸ்டனை விரலால் உள்ளே அமுக்கி, வேக்கம் ஹோஸ் மாட்டும் மூக்கைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, பிஸ்டனை விடுங்கள். அப்படியே நிற்க வேண்டும். உடனே வெளியே வந்துவிட்டால் சவ்வு கிழிசல். பத்து நிமிட வேலை, சோதிக்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம்.

அப்புறம் கேனிஸ்டர் பர்ஜ் வால்வு. பெட்ரோல் டாங்க் ஆவியை எஞ்சினுக்குள் விடும் மின் வால்வு. இது திறந்தபடியே சிக்கிக்கொண்டால், பங்கில் டாங்க் நிரப்பிவிட்டு ஸ்டார்ட் செய்ததும் வண்டி திணறும். "பெட்ரோல்ல கலப்படம்" என்று பங்க்காரரோடு சண்டை போடும் முன் இதைப் பாருங்கள்.

வீட்டிலேயே லீக் டெஸ்ட் செய்ய முடியுங்களா?

முடியும். தோட்டத்து பைப் லைனில் மிச்சமான 63 அல்லது 75 மி.மீ. பி.வி.சி. எண்ட் கேப் ஒன்று போதும். அதன் நடுவில் துளை போட்டு டியூப்லெஸ் டயர் வால்வைச் செருகுங்கள். ஏர் ஃப்ளோ சென்சாரைக் கழற்றி வைத்துவிட்டு, டர்போவுக்குப் போகும் ஹோஸில் கேப்பைச் செருகி கிளிப் இறுக்குங்கள். பிரீதர் ஹோஸைத் தனியாக அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அழுத்தம் கிராங்க் கேஸுக்குப் போய் சீல்களைப் படுத்தும். டயருக்குக் காற்றடிக்கும் பம்பால் மெதுவாக அழுத்தம் ஏற்றி, சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் நுரை வருமிடம் ஓட்டை. பத்து பி.எஸ்.ஐ.யைத் தாண்ட வேண்டாம். கேப்புக்கு நேராக முகத்தையும் வைக்க வேண்டாம், கழன்றால் தோட்டா மாதிரி வரும்.

கார்புரேட்டர் கிளீனரை ஹோஸ்கள் மேல் அடித்து ஆர்.பி.எம். ஏறுகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். டர்போ வண்டியில் எனக்கு அது பிடிக்காது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் டர்போ ஓடும் கொதிப்பாக அங்கேயே இருக்கின்றன, தீப்பிடிக்க ஒரு பொறி போதும். காசு கொடுத்துச் செய்வதாக இருந்தால், புகை விட்டுப் பார்க்கும் மெஷின் உள்ள பட்டறையாகத் தேடுங்கள்.

ஸ்கேனர்ல பி 0171 வருது. ஆக்சிஜன் சென்சார் மாத்தணுமா?

அவசரப்படாதீர்கள். கலவை மெலிந்திருக்கிறது என்பதுதான் அந்தக் கோடு (ஸ்கேனர் காட்டும் பிழை எண்) சொல்லும் செய்தி. செய்தி கொண்டுவந்த தபால்காரரை மாற்றி என்ன பிரயோசனம்?

ஸ்கேனரில் கோடு படிப்பதைவிட ஃப்யூயல் ட்ரிம் எண்களைப் பார்ப்பது பத்து மடங்கு உபயோகம். கம்ப்யூட்டர் கணக்கைவிட எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ பெட்ரோல் விடுகிறது என்பதே அந்த எண். குறுகிய காலம், நீண்ட காலம் என்று இரண்டு இருக்கும், இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். எஞ்சின் சூடானபின் ஐட்லிங்கில் ஒரு தடவை, 2500 ஆர்.பி.எம்.மில் பிடித்தபடி ஒரு தடவை குறித்துக்கொள்ளுங்கள். ஐட்லிங்கில் +20 காட்டி, 2500ல் +3க்கு இறங்கினால் மேனிஃபோல்டு பக்கம் ஓட்டை. காற்றோட்டம் கூடும்போது அந்த ஓட்டைக் காற்று அற்பமாகிவிடுகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். மாறாக ஐட்லிங்கில் ஒழுங்காக இருந்து, ஓட்டும்போது ஏறிக்கொண்டே போனால் பெட்ரோல் பம்ப் தளர்ச்சி, ஃபில்டர் அடைப்பு, அல்லது குறைத்து அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார். இரண்டிலும் மைனஸ் என்றால் எங்கோ பெட்ரோல் கூடுதலாகச் சொட்டுகிறது.

மலிவான புளூடூத் கருவியே இதற்குப் போதும். ஆனால் 2000களின் பழைய வண்டிகள் பல கே-லைன் என்ற பழைய பாஷையில் பேசுகின்றன. சில மலிவுக் கருவிகளுக்கு அது புரியாது. வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏர் ஃப்ளோ சென்சார் கெட்டுப்போச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

அதன் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். கம்ப்யூட்டர் தன்னிடமுள்ள தோராயக் கணக்கில் ஓட்டும். கழற்றியதும் வண்டி முன்னைவிட நன்றாக ஓடினால் சென்சார் பொய் சொல்கிறது. எஞ்சின் விளக்கு எரியும், பயப்பட வேண்டாம். 1.8 லிட்டர் எஞ்சின் ஐட்லிங்கில் நொடிக்கு இரண்டிலிருந்து நான்கு கிராம் காற்று காட்டினால் அது சரியான ஆள்தான்.

நம் பக்கத்தில் இதற்கென்று இரண்டு எதிரிகள். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார்த் தூள், திருப்பூரில் பனியன் கம்பெனிப் பஞ்சு. ஃபில்டர் பெட்டி சரியாக மூடாவிட்டால் இரண்டும் சென்சாரின் மெல்லிய கம்பியில் போய் ஒட்டும். அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். துணி, பட்ஸ், பெட்ரோல் எதுவும் ஆகாது. எண்ணெய் தடவிய "ஸ்போர்ட்ஸ்" ஃபில்டர் போட்டிருந்தால் அந்த எண்ணெயும் கம்பியில் படியும். என் அபிப்பிராயம், கம்பெனி காகித ஃபில்டரே இந்த ஊர் தூசிக்கு உத்தமம்.

மிஸ்ஸிங் அடிக்குது. பிளக்கா, காயிலா?

மிஸ்ஸிங் என்றால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. சோதிப்பது சுலபம். கோடு பி 0301 என்றால் முதல் சிலிண்டர். அதன் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை இரண்டாம் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோடு 0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கை அதேபோல் மாற்றுங்கள். அதற்கும் அசையாவிட்டால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், அப்புறம் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவு. கம்ப்ரஷனில் எண் எவ்வளவு என்பதைவிட நான்கு சிலிண்டரும் ஒத்துப்போகிறதா என்பதே முக்கியம்.

பிளக் இடைவெளியைக் கவனியுங்கள். டர்போ அழுத்தத்தில் பொறி தாண்டுவது கடினம், அதனால் பல டர்போ எஞ்சின்களில் 0.7 அல்லது 0.8 மி.மீ.தான் இருக்கும். தேய்ந்து 1.1 ஆகியிருந்தால் ஐட்லிங் தேவலாம் போலிருக்கும், லாரியை முந்தப் போகும்போது மட்டும் வெட்டி வெட்டி இழுக்கும். எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும்.

த்ராட்டில் பாடி கிளீன் பண்ணின பின்னால ஐட்லிங் ஏறிப்போச்சு?

அழுக்குக்குப் பழகிய கம்ப்யூட்டர் இன்னும் பழைய கோணத்திலேயே திறக்கிறது. ஸ்கேனரில் த்ராட்டில் அடாப்டேஷன் செய்தால் தீர்ந்தது.

இ20 பெட்ரோல்தான் காரணம்ங்கறாங்களே?

பாதி உண்மை. இ20 என்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதே அளவு காற்றுக்கு எத்தனால் பெட்ரோலைவிட அதிகம் வேண்டும், அதனால் ட்ரிம் சில சதவீதம் ஏறும். நல்ல வண்டி அதைச் சமாளித்துவிடும். ஏற்கெனவே ஹோஸ் ஓட்டையால் எல்லை வரை போய் நிற்கும் வண்டியை அந்தச் சில சதவீதம் குப்புறத் தள்ளும். பழைய ரப்பர்களுக்கும் அது ஆகாது. மாதக் கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினால் ஈரத்தை இழுத்துக்கொண்டு டாங்கின் அடியில் தண்ணீரோடு பிரிந்து நிற்கும். கல்யாணத்துக்கும் நோம்பிக்கும் மட்டும் எடுக்கிற வண்டி என்றால் வாரம் ஒரு முறையாவது ஓட்டுங்கள்.

எங்களது டீசல் வண்டிங்க. மேலே சொன்னதெல்லாம் பொருந்துமா?

பாதிக்கு மேல் பொருந்தாது. டீசல் மேனிஃபோல்டில் பெட்ரோல் மாதிரி வெற்றிடம் கிடையாது. ஆகவே இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்தால் ஐட்லிங் கெடாது. மிதிக்கும்போது "உஸ்" சத்தமும், கரும்புகையும், இழுவைக் குறைவும்தான் வரும். டீசலில் ஐட்லிங் நடுங்கினால் எரிபொருள் பக்கம் போங்கள்.

முதலில் டீசல் ஃபில்டர். அதிலுள்ள தண்ணீரை வடித்துவிடுங்கள், கடைசியாக எப்போது மாற்றினோம் என்று நினைவில்லாவிட்டால் மாற்றிவிடுங்கள். அடுத்தது ஏர் பிடிப்பது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் தற்காலிகமாகக் கண்ணாடி போன்ற டியூப் ஒன்றை மாட்டினால் குமிழ் ஓடுவது தெரியும். இரவு நிறுத்தி வெள்ளன ஸ்டார்ட் செய்ய நெடுநேரம் பிடிக்கிறதென்றால் இதுதான் பெரும்பாலும்.

பிறகு நாசில், அதாவது டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் ரிட்டர்ன் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் பைப்பையும் தனித்தனி பாட்டிலில் விட்டு, ஐட்லிங்கில் சில நிமிடம் ஓட்டினால், தேய்ந்த இன்ஜெக்டரின் பாட்டில் மற்றதைவிட வேகமாக நிறையும். கண்ணால் பார்க்கும் சாட்சி, வாக்குவாதத்துக்கு இடமில்லை. நாமக்கல், சங்ககிரி, ஈரோடு என்று லாரிக்காரர்கள் நடமாடும் ஊர்களில் பம்ப், நாசில் வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. நாலு இன்ஜெக்டரையும் மாற்றச் சொன்னால், டெஸ்ட் பெஞ்சில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை. பழைய காலத்து டீசல் மாதிரி, ஓடும் எஞ்சினில் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம். ஐட்லிங்கிலேயே முந்நூறு பார் பக்கம் அழுத்தம் இருக்கும், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

ஆர்.பி.எம். ஏறி இறங்கி ஊஞ்சலாடினால், பம்புக்குள் போகும் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் சக்‌ஷன் கன்ட்ரோல் வால்வைச் சந்தேகியுங்கள். ஐட்லிங்கும் கரடுமுரடு, புகையும் கருப்பு, இழுவையும் மந்தம் என்று மூன்றும் சேர்ந்தால், எக்ஸாஸ்டில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி விடும் இ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துத் திறந்தபடி நிற்கலாம். சத்தம் சீராக இருந்து, உடம்பு மட்டும் அதிர்ந்தால் எஞ்சினைத் தாங்கும் ரப்பரான எஞ்சின் மவுண்ட்.

ஊர்ல நல்லாத்தான் போகுது. திம்பம் ஏறும்போது பாதியில இழுவை செத்துப்போகுது. ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணினா சரியாகுது?

இது லிம்ப் மோட். 27 கொண்டை ஊசி வளைவில் எஞ்சினை முழுசாக உழைக்க வைக்கும்போதுதான் டர்போ கேட்ட அழுத்தம் வரவில்லை, அல்லது அளவு மீறிவிட்டது என்று கம்ப்யூட்டர் பார்க்கிறது. உடனே பாதுகாப்புக்காக இழுவையைக் குறைத்துவிடுகிறது. பி 0299 என்றால் அழுத்தம் குறைவு, பி 0234 என்றால் அதிகம்.

டீசலில் வேரியபிள் டர்போ என்றால் உள்ளிருக்கும் சின்ன இறக்கைகள் கரியில் சிக்கியிருக்கும். கோவையில் காந்திபுரம், டவுன்ஹால் என்று இரண்டாம் கியரிலேயே காலம் தள்ளும் வண்டிகளுக்கு இது வாடிக்கை. எல்லா டர்போவிலும் இறக்கை கிடையாது. ஃபியட் வடிவமைத்த அதே 1.3 டீசலில், ஸ்விஃப்டின் 75 குதிரைசக்தி வகையில் சாதாரண டர்போ, எர்டிகாவின் 90 வகையில் வேரியபிள். உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்.

இறக்கையைக் குறை சொல்லும் முன் அதை அசைக்கும் மெல்லிய வேக்கம் ஹோஸைப் பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும், இறக்கையை நகர்த்தும் ஆக்சுவேட்டர் கம்பி உள்ளே இழுபட வேண்டும். இழுபடாமல், பிரேக் பெடலும் கல்லாக இருந்தால் வேக்கம் பம்ப் பக்கம் கோளாறு. அதைத் தள்ளிப்போடாதீர்கள், மலையிலிருந்து இறங்கவும் வேண்டுமல்லவா?

சரி, டர்போதான் போச்சுன்னு எப்போ ஒத்துக்கறது?

ஹோஸைக் கழற்றித் தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கத்தான் செய்யும், அது ஆயில் படலத்துக்கான இடம். முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை ஓட்டில் உரசிய தடம் இருந்தாலோ கதை முடிந்தது. இன்டர்கூலர் ஹோஸில் லேசான ஆயில் பிசுபிசுப்பு சகஜம், பிரீதரிலிருந்து வருவது. கவிழ்த்தால் ஊற்றும் அளவுக்கு இருந்தால் சகஜமில்லை. இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது நீலப்புகை வந்தாலும் சந்தேகம் வலுக்கும்.

டீசலில் இதை நீட்டிப்போட்டால் ஆபத்து. சீல் விட்டுப்போய் எஞ்சின் தன் ஆயிலையே குடித்துத் தானாக ரேஸ் ஆகும், சாவியை அணைத்தாலும் நிற்காது. மேனுவல் கியர் என்றால் உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை முழுக்க அழுத்தி, கிளட்சை விட்டு நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் இறங்கி விலகிவிடுங்கள்.

உக்கடத்துல பழைய டர்போ கிடைக்குது, வாங்கலாமா? இல்லை, இருக்கறதையே ரெடி பண்ணலாமா?

முன்பின் தெரியாத டர்போவை வாங்குவதைவிட, உங்களுடையதற்குப் புதிய கோர் (தண்டும் இறக்கைகளும் சேர்ந்த உள்பகுதி) போடுவது மேல் என்பது என் கட்சி. கோவையில் எதையும் கடைந்து தருவார்கள், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் போகும் தண்டை லேத்தில் மெருகேற்றித் திருப்பிப் போடுவது வேலைக்காகாது. கோரை பேலன்சிங் மெஷினில் வைத்துச் சரிபார்த்த சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.

மாட்டும்போது ஆயில் வரும் பைப்பைப் புதிதாகப் போடுங்கள். பழைய டர்போவைக் கொன்றது அநேகமாக அந்தப் பைப்பின் கரிதான். ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, டர்போவின் ஆயில் துளையில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, எஞ்சின் பிடிக்காதபடி சில விநாடி செல்ஃப் அடித்து, ஆயில் மேலேறிய பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அந்த நேரம் பக்கத்தில் நின்று பாருங்கள். டீ குடிக்க அப்புறம் போய்க்கொள்ளலாம்.